ஹைன்ஸ் ஏன் கலெக்டரிடம் மனு கொடுக்கவில்லை?

பிள்ளைகளின் ஒழுக்கச் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க், ஆசிரியர் தகுதித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு ஓர் அட்டவணையாகத்தான் அறிமுகமாகிறார். மூன்று மட்டங்கள், ஆறு நிலைகள், பக்கத்தில் வயது. குழந்தை மேம்பாட்டுப் பகுதிக்கு உள்ள 30 கேள்விகளில் ஓரிரண்டு அங்கிருந்து வந்தாலும் வரலாம் என்று மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். நான் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை சமூக அறிவியல் எடுக்கிறேன். தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தேகம் கேட்க வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்கு இதையெல்லாம் விளக்கப்போய், ஒழுக்க வளர்ச்சி பற்றிய கொள்கைகளையும் அவற்றின் மேல் வந்த விமரிசனங்களையும் என் வகுப்புப் பிள்ளைகளோடு பொருத்திப் பார்க்கும் பழக்கம் வந்தது. பல வருடங்களாக நடக்கிறது. இந்த அட்டவணையைப் பிள்ளைகளைத் தரம் பிரிக்கப் பயன்படுத்தக் கூடாது, பிள்ளைகளிடம் கேள்வி கேட்கப் பயன்படுத்தலாம் என்பது இப்போது என் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

கோல்பெர்க் 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் செய்த ஆய்வில் 72 பேர் இருந்தார்கள். 10, 13, 16 வயதுப் பையன்கள். பெண் பிள்ளை ஒருத்திகூட இல்லை. அவர்களுக்குச் சொன்ன கதைகளில் பேர்பெற்றது ஹைன்ஸ் கதை. ஐரோப்பாவில் ஒரு பெண் புற்றுநோயால் சாகக் கிடக்கிறாள். அதே ஊர் மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்த ரேடியம் மருந்து ஒன்றுதான் அவளைப் பிழைக்க வைக்கக்கூடும். 200 டாலர் அடக்கமான மருந்துக்கு அவர் 2,000 டாலர் கேட்கிறார். கணவன் ஹைன்ஸ் தெரிந்தவர்களிடமெல்லாம் கடன் கேட்டும் பாதிப் பணம்தான் தேறுகிறது. விலையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் மீதியை அப்புறம் தருகிறேன் என்று கெஞ்சுகிறான். கடைக்காரர் மசியவில்லை. ஹைன்ஸ் கடையை உடைத்து மருந்தைத் திருடுகிறான். அவன் செய்தது சரியா?

சரி என்றாலும் தவறு என்றாலும் கோல்பெர்க்குக்கு ஒன்றுதான். அவர் எடை போட்டது காரணத்தை. ‘போலீஸ் பிடித்துக்கொண்டு போகும்’ என்றால் முதல் நிலை. ‘அவள் பிழைத்தால் நாளைக்கு இவனுக்கு உதவுவாள்’ என்றால் இரண்டாவது. நல்ல கணவன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது. ஆளாளுக்குச் சட்டத்தை மீறினால் சமூகம் என்ன ஆகும் என்பது நான்காவது. உரிமைகளும் பொது உடன்பாடும் ஐந்தாவது. எங்கும் எவருக்கும் பொருந்தும் நீதி ஆறாவது. யாரும் படியைத் தாண்டிக் குதிப்பதில்லை, பின்னால் இறங்குவதும் இல்லை என்றார்.

எட்டாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னால் பதிலுக்கு முன்னால் கேள்விகள்தான் வருகின்றன. “அந்த ஊர்ல கவர்மென்ட் ஆஸ்பத்திரி கிடையாதா டீச்சர்?” “காப்பீட்டு அட்டை எடுக்கலையா அவங்க?” “கலெக்டர்கிட்ட மனு குடுக்கலாமே. திங்கக்கிழமை போனா வாங்குவாங்க. எங்க பாட்டிக்கு அப்படித்தான் பென்ஷன் வந்துச்சு.” ஒரு பெண் எழுந்து, “கடைக்காரர் வீட்டுக்காரம்மாகிட்டப் போய்ச் சொல்லணும் டீச்சர். ஹைன்ஸோட சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போகணும். நேர்ல பாத்தா மனசு எளகும்ல” என்றாள்.

கோல்பெர்க்கின் நேர்காணல் முறையில் இந்த இடத்தில், ‘வேறு வழியே இல்லை என்று வைத்துக்கொள்’ என்று பிள்ளையைக் கதைக்குள் இழுத்துவர வேண்டும். திருடலாமா கூடாதா என்ற இரண்டே கதவுதான் திறந்திருக்கும். இதைத்தான் கரோல் கில்லிகன் கேள்வி கேட்டார். ஹார்வர்டில் கோல்பெர்க்குடன் பணியாற்றியவர் அவர். 1982இல் வெளியான தன் நூலில் ஜேக், ஏமி என்று 11 வயதுப் பிள்ளைகள் இரண்டு பேரின் பதில்களை அடுத்தடுத்து வைத்தார். ஜேக் கணக்குப் போடுவதுபோலப் போட்டுவிடுகிறான்: பணத்தைவிட உயிர் பெரிது, ஆகவே திருடலாம். ஏமி தயங்குகிறாள். திருடினால் ஹைன்ஸ் ஜெயிலுக்குப் போவான், அப்புறம் மனைவிக்கு மறுபடி உடம்புக்கு வந்தால் யார் பார்ப்பது, எல்லோரும் உட்கார்ந்து பேசி வேறு வழி தேட வேண்டும் என்கிறாள். கோல்பெர்க்கின் அளவுகோலில் ஏமி ஒரு படி கீழே இருப்பதாகத்தான் வரும். அவள் கதையைப் புரிந்துகொள்ளாதவள் இல்லை, உறவுகளை வைத்து யோசிக்கிறவள், அந்த யோசனையை அளக்க இந்த அளவுகோலில் இடம் இல்லை என்றார் கில்லிகன்.

படித்தபோது எனக்கு உடனே என் வகுப்புப் பெண் நினைவுக்கு வந்தாள். ஆனால் கில்லிகனையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1984இல் லாரன்ஸ் வாக்கர் என்ற ஆய்வாளர், கோல்பெர்க் முறையில் நடந்த ஆய்வுகளை மொத்தமாகத் திரட்டிப் பார்த்தபோது ஆண் பெண் வேறுபாடு பெரும்பாலும் தென்படவில்லை. பிற்பாடு வந்த தொகுப்பாய்வுகளும் வேறுபாடு இருந்தாலும் சிறியது என்றே காட்டின. என் வகுப்பிலும் கலெக்டர் மனுவைச் சொன்னவன் பையன்தான். நீதியைப் பேசும் குரல், அக்கறையைப் பேசும் குரல் என்று இரண்டு இருப்பது உண்மை. முன்னது பையனுக்கு, பின்னது பெண்ணுக்கு என்று பங்கு பிரித்தது நிற்கவில்லை.

இதிலிருந்து நான் நடைமுறைக்கு எடுத்துக்கொண்டது ஒன்று. இப்படிக் கதை சொல்லும்போது முதல் சுற்றில் எந்தக் கதவையும் மூடாதீர்கள். பிள்ளைகள் சொல்லும் மாற்று வழிகளை எல்லாம் கரும்பலகையில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் யாருக்கு என்ன செய்யும் என்று பேசவிடுங்கள். வழி தேடுவது தப்பிக்கிற வேலை இல்லை, ஒழுக்கத்தில் பாதி அதுதான். இரண்டாவது சுற்றில், ‘இது எதுவும் நடக்கவில்லை என்றால்?’ என்று கேட்டுக்கொள்ளலாம். அப்போது வரும் காரணங்கள் அதற்கு முந்தியதைவிட ஆழமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் நிலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை. அந்தச் சிகாகோ பையன்களில் 58 பேரைச் சுமார் 20 ஆண்டுகள் தொடர்ந்து சந்தித்துப் பேசி, 1983இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படிவரிசை பெரும்பாலும் சொன்னபடியே இருந்தது. ஆனால் ஐந்தாம் நிலையைத் தொட்டவர்களே மிகக் குறைவு. ஆறாம் நிலைக்கு ஆளே கிடைக்காமல், மதிப்பிடும் கையேட்டிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் போன்ற சிலரை எடுத்துக்காட்டாகச் சொல்ல முடிந்ததே தவிர, தரவில் அது இல்லை. நம் வழிகாட்டி நூல்களில் ஆறும் இன்னும் அப்படியே நிற்கின்றன.

அப்புறம் ஜான் ஸ்நேரி. 27 நாடுகளில் நடந்த 45 ஆய்வுகளை 1985இல் அலசியவர். முதல் நான்கு நிலைகள் பல பண்பாடுகளிலும் தென்பட்டன. கிராமங்களிலும் பழங்குடிச் சமூகங்களிலும் ஐந்தாம் நிலை ஏறக்குறைய இல்லை. கிராமத்து மனிதர் ஒழுக்கத்தில் நகரத்துக்காரரைவிடக் கீழே நிற்கிறார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாமா? கூட்டாகப் பொறுப்பேற்பதைப் பேசும் காரணங்களை அந்தக் கையேடு கண்டுகொள்ளவில்லை என்பதுதான் ஸ்நேரி சொன்ன விளக்கம். நான் அவர் பக்கம். கிராமத்தில் பிறந்து கிராமத்திலேயே வேலை பார்க்கிறவள் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. சிகாகோ பையன்களின் பேச்சைக் கேட்டுச் செய்த அளவுகோலால் எங்கள் ஊர்க் கூட்டத்தில் பேசும் ஒருவரை அளந்தால், அவர் பேச்சில் பாதி அந்த அளவுகோலுக்கு வெளியே விழுந்துவிடும்.

கோல்பெர்க்குக்கு முன்னோடி சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே. 1932இல் வந்த அவருடைய நூலில் எனக்குப் பிடித்தது அவர் கோலி விளையாட்டைப் பார்த்த விதம். ஜெனீவாவிலும் நொய்ஷாட்டலிலும் பிள்ளைகளிடம் போய், எனக்கு இந்த ஆட்டம் தெரியாது, சொல்லிக்கொடு என்று கேட்டார். சின்னவர்கள் விதி என்பது பெரியவர்களிடமிருந்து வந்தது, மாற்றவே கூடாது என்றார்கள். வளர்ந்தவர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். பெண் பிள்ளைகளின் ஆட்டங்களில் விதிகளை வகுக்கும் அக்கறை குறைவு என்றும் எழுதிவைத்தார். எங்கள் பள்ளி மைதானத்தில் பாண்டி ஆடும் பெண்களை அவர் பார்த்திருக்க வேண்டும். கோட்டை மிதித்தாளா இல்லையா, சில்லு கோட்டில் விழுந்தால் எந்தக் கட்டத்துக்குச் சேரும், வீடு கட்டியவளின் கட்டத்தில் அவள் அனுமதி இல்லாமல் கால் வைக்கலாமா என்று நடக்கும் வாதம் பஞ்சாயத்துக்குக் குறைந்தது இல்லை.

பியாஜேயின் கோப்பைக் கதையை எல்லா ஆசிரியரும் கேட்டிருப்பார்கள். தெரியாமல் கதவைத் திறந்து 15 கோப்பைகளை உடைத்த பையன், ஜாம் எடுக்கப்போய் ஒரு கோப்பையை உடைத்த பையன், இரண்டு பேரில் யார் செய்தது பெரிய தப்பு? சின்னப் பிள்ளைகள் 15ஐத்தான் பார்ப்பார்கள் என்றார். கதையிலேயே கோளாறு இருப்பதைப் பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். நோக்கமும் சேதமும் ஒரே நேரத்தில் மாறுகின்றன. சேதத்தைச் சமமாக வைத்து, நோக்கத்தைப் படம் போட்டுத் தெளிவாகக் காட்டியபோது மூன்று வயதுக் குழந்தையும் நோக்கத்தைக் கணக்கில் எடுத்தது. ஆகவே ஒன்றாம் இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு என் யோசனை: தண்ணீர் கொட்டிய சண்டை, பென்சில் உடைந்த சண்டை வரும்போது சேதத்தைப் பற்றியே பேசாமல், ‘அவன் என்ன செய்யப் பார்த்தான்?’ என்று முதலில் கேளுங்கள். பிள்ளைகளால் பதில் சொல்ல முடியும். நாம் கேட்பதில்லை.

இனி ஒரு முட்டைக் கதை. சத்துணவில் முட்டை வாங்காமல் ஒரு பையன் தட்டை இழுத்துக்கொண்டான். தாத்தா இறந்து காரியம் முடியவில்லை. பக்கத்தில் இருந்தவன், “யாரும் பாக்கல, சாப்பிடுடா” என்றான். இவன், “யாரும் பாக்காட்டியும் தாத்தாவுக்குத் தெரியும்” என்றான்.

எலியட் டுரியல் என்ற உளவியலாளர் கோல்பெர்க்கை மறுத்த விதம் எனக்கு வகுப்பில் மிகவும் உதவியது. சின்னக் குழந்தை எல்லா விதியையும் தண்டனைக்குப் பயந்தே பார்க்கிறது என்பது சரியில்லை, மூன்று நான்கு வயதிலேயே அது விதிகளை வகை பிரிக்கிறது என்றார் அவர். கண்டுபிடிக்க ஓர் எளிய கேள்வி போதும்: பெரியவர் சரி என்று சொல்லிவிட்டால் அது சரியாகிவிடுமா? ஆறாம் வகுப்பில் கேட்டுப்பார்த்தேன். “நான் சரின்னு சொன்னா நாளைக்கு யூனிஃபார்ம் இல்லாம கலர் டிரெஸ்ல வரலாமா?” “வரலாம் டீச்சர்!” ஒரே கூச்சல். “நான் சரின்னு சொன்னா பக்கத்துல இருக்கிறவன அடிக்கலாமா?” சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. “நீங்க சொன்னாலும் அவனுக்கு வலிக்கும்ல” என்றாள் ஒருத்தி. சீருடை ஊர் வழக்கம், அடிப்பது தீங்கு. இரண்டும் வேறு என்பதைப் பிள்ளைகள் யாரும் கற்றுத்தராமலே பிரிக்கிறார்கள்.

அப்படியானால் முட்டை எந்தப் பக்கம்? இதே சண்டை ஆய்வாளர்களுக்குள்ளும் நடந்தது, அதுவும் நம் நாட்டை வைத்து. ரிச்சர்ட் ஷ்வெடரும் மனமோகன் மகாபாத்ராவும் ஜோன் மில்லரும் ஒடிசாவின் புவனேஸ்வரத்தில் செய்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. அப்பா இறந்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டான் என்பதை அங்கே பெரியவர்களும் குழந்தைகளும் மிகக் கடுமையான தவறுகளில் ஒன்றாகச் சொன்னார்கள். சிகாகோவில் அதைத் தவறாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வழக்கம், ஒழுக்கம் என்று எல்லா ஊருக்கும் ஒரே கோடு கிழிக்க முடியாது என்றார் ஷ்வெடர். டுரியலும் அவருடன் வேலை செய்தவர்களும் பதில் சொன்னார்கள்: அந்த மக்கள் இறந்தவரின் ஆன்மா அதனால் துன்பப்படும் என்று நம்புகிறார்கள், ஆகவே அவர்களும் தீங்கைத்தான் தவறு என்கிறார்கள், உலகத்தைப் பற்றிய நம்பிக்கைதான் வேறு.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வகுப்பில் உதவுவது டுரியலின் பதில். முட்டையைத் தொடாத பையனிடம், ‘சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கிறாய்?’ என்று கேட்டால் போதும். “தாத்தாவுக்குச் சங்கடமா இருக்கும்” என்பான். தாத்தாவை நினைக்கிறான் என்று மற்றப் பிள்ளைகளுக்கும் புரிந்துவிடும், கேலி நின்றுவிடும். இதே கேள்வியை மோசமான வழக்கங்களை நோக்கியும் திருப்பலாம். ‘அவன் தண்ணீர் பானையைத் தொடக்கூடாது’ என்று ஒரு பிள்ளை வீட்டிலிருந்து கேட்டுவந்து சொன்னால், தொட்டால் யாருக்கு என்ன தீங்கு என்று கேளுங்கள். பதில் வராது. தொடக்கூடாது என்று சொன்னதால் யாருக்கு வலித்தது என்று அடுத்துக் கேளுங்கள். வகுப்பே பதில் சொல்லும். வழக்கத்தை மதிக்கச் சொல்லித்தரும் இடமும், வழக்கத்தைக் கேள்வி கேட்கச் சொல்லித்தரும் இடமும் இந்த ஒரு கேள்வியிலேயே பிரிகின்றன. இதைவிட நல்ல கருவி என் கையில் இல்லை.

பரீட்சையில் காப்பி அடிப்பது பற்றி ஆசிரியர் அறையில் பேச்சு வந்தால், பயம் விட்டுப்போச்சு, வளர்ப்பு சரியில்லை என்று முடிந்துவிடும். கோல்பெர்க் படித்தவர்கள் கொஞ்சம் நாகரிகமாக, இன்னும் இரண்டாம் நிலையிலேயே இருக்கிறான் என்பார்கள். பிள்ளைகளிடம் கேட்டால் வேறு கதை வரும். எழுதிக்கொண்டிருந்த விடைத்தாளைத் திருப்பிக் காட்டிய ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். “கேக்கிறப்போ காட்டாம எப்படி டீச்சர் இருக்கிறது? அவ எனக்கு மழையில குடை குடுத்தவ.” பயமோ லாபமோ அந்தப் பேச்சில் எங்கே இருக்கிறது?

ஜோன் மில்லரும் டேவிட் பெர்சாஃபும் 1992இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேராகப் பொருந்துகிறது. அமெரிக்காவின் நியூ ஹேவனிலும் நம் பக்கத்து மைசூரிலும் மூன்றாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, கல்லூரி மாணவர்களிடம் கதைகள் சொன்னார்கள். ஒரு கதையில் உயிர் நண்பனின் கல்யாணத்துக்கு மோதிரம் கொண்டுபோக வேண்டியவன் பணத்தைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறான். மற்றொருவரின் ரயில் டிக்கெட்டை எடுத்துக்கொண்டால் சரியான நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அமெரிக்கர்களில் பெரும்பாலோர் திருடக் கூடாது என்றார்கள். மைசூரில் பெரும்பாலோர் எப்படியாவது போய்ச் சேர வேண்டும் என்றார்கள். நண்பனுக்குச் செய்வது அவர்களுக்குக் கடமை. அமெரிக்கர்களுக்கு அது அவரவர் விருப்பம் சார்ந்த நல்ல காரியம்.

இதைப் படித்ததிலிருந்து காப்பி அடிப்பதை நான் இரண்டாகப் பார்க்கிறேன். எழுதுகிறவனின் காப்பி வேறு, காட்டுகிறவளின் காப்பி வேறு. காட்டுகிறவள் ஒரு கடமைக்கும் இன்னொரு கடமைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நேர்மை பற்றிப் பேசிப் பயன் இல்லை, அவள் ஏற்கெனவே விசுவாசத்தால்தான் செய்கிறாள். அந்த இரண்டு கடமையும் மோதாமல் பார்த்துக்கொள்வது ஆசிரியரின் வேலை. பாடம் முடிந்து தேர்வுக்கு முந்தைய நாள் இருவர் இருவராக உட்காரவைத்து, கூடிப் பேசி எழுதும் ஒரு சின்னத் தேர்வு வைக்கிறேன். உதவி செய்ய வேண்டியதெல்லாம் அன்றைக்கே செய்துவிடலாம். மறுநாள் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் வகுப்பில் சேர்ந்து முடிவு செய்தோம். பிள்ளைகளே தேர்ந்தெடுத்த வாக்கியம்: “இப்ப இல்ல, சாயங்காலம் சொல்லித்தரேன்.” நட்பைக் கைவிடாமல் மறுக்க ஒரு வாசகம் கையில் இருக்கும்போது பிள்ளைகளுக்கு மறுப்பது சுலபமாகிறது. காப்பி அடியோடு ஒழிந்துவிடவில்லை. காட்டுவது நன்றாகவே குறைந்தது.

எழுதுகிறவன் விஷயத்தில் உதவியது ஒரு பழைய ஆய்வு. ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 1920களில் அமெரிக்காவில் ஏறத்தாழ 11,000 பிள்ளைகளைப் பல சூழல்களில் சோதித்தார்கள். தானே திருத்திக்கொள்ளும் தேர்வு, விளையாட்டு, கையில் கிடைக்கும் காசு என்று ஏமாற்ற வழியுள்ள பல இடங்கள். ஒரு சூழலில் ஏமாற்றிய பிள்ளை இன்னொன்றில் ஏமாற்றும் என்று சொல்ல முடியவில்லை. நேர்மை பெரிதும் சூழலைப் பொறுத்தது என்று முடிவு கட்டினார்கள். அந்தத் தரவையே மறுபடி கணக்கிட்டவர்கள் ஓரளவு பொதுப்பண்பும் தென்படுவதாகப் பிற்பாடு சொன்னார்கள். இருந்தாலும், ஒழுக்கத்தைப் பேசத் தெரிவதும் ஒழுக்கமாக நடப்பதும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளும் எந்தக் கொள்கைக்கும் இது இன்றுவரை பெரிய கேள்விதான்.

எங்கள் பள்ளியில் ஆளில்லாத நேர்மைக் கடை வைத்தோம். பேனா, பென்சில், ரப்பர், வரைபடத்தாள், பக்கத்தில் உண்டியல். எடுத்துக்கொண்டு காசு போட வேண்டியது. உண்டியலில் காசு குறைந்துகொண்டே வந்தது. பிரேயரில் நேர்மை பற்றிப் பேச வேண்டும் என்றார்கள் சிலர். நான் கடைக்கு வந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் மூன்று ரூபாய், பிள்ளையின் கையில் ஐந்து ரூபாய் நாணயம். மீதி எடுக்க உண்டியலில் வழி இல்லை. நாளைக்குப் போடலாம் என்று எடுத்துக்கொண்டு போகிறது, மறந்துவிடுகிறது. பக்கத்தில் நின்று பார்ப்பவன், ஓகோ இப்படியும் எடுக்கலாம் என்று கற்றுக்கொள்கிறான். எல்லாப் பொருளையும் ஐந்து ரூபாய்க் கட்டாகக் கட்டினோம், இரண்டு பென்சிலோடு ஒரு ரப்பர் என்பதுபோல. ‘நாளை தருகிறேன்’ என்று எழுதிவைக்க ஒரு நோட்டும் வைத்தோம். குறைச்சல் பெருமளவு நின்றுபோனது. பிரேயரில் யாரும் எதுவும் பேசவில்லை. உங்கள் பள்ளியில் இப்படி ஒரு கடை இருந்தால் முதலில் சில்லறையைக் கவனியுங்கள்.

கோல்பெர்க்கிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய பிற்கால வேலை. நிலைகளை அளந்துகொண்டிருந்தவர், இஸ்ரேலின் கிப்புட்ஸ் என்ற கூட்டுவாழ்க்கைக் குடியிருப்புகளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு, பள்ளியே நீதியாக நடக்காமல் நீதியைக் கற்பிக்க முடியாது என்ற இடத்துக்கு வந்தார். 1974இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் ‘கிளஸ்டர் ஸ்கூல்’ தொடங்கியது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு, வாராவாரம் கூட்டம். ஒரு மாணவியின் பணம் திருடுபோனபோது, இது அவள் பிரச்சினை மட்டும் இல்லை, நம் எல்லோருடைய பிரச்சினை என்று மாணவர்களே வாதாடி, ஆளுக்குச் சில சென்ட் போட்டு ஈடுகட்ட முடிவு செய்தார்கள். தேர்வு நூல்களில் இந்தப் பகுதி வருவதே இல்லை. எனக்கு ஆறு நிலைகளையும்விட இது பெரிது.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனபோது பைகளைச் சோதனை போடாமல் கூட்டம் கூட்டினேன். எல்லோரும் காசு போடலாம் என்று ஒருவன் சொன்னான். உடனே மற்றொருவன், “எடுத்தது நான் இல்ல. நான் எதுக்குக் குடுக்கணும்?” என்றான். நியாயமான கேள்வி, அவன் வீட்டில் ஐந்து ரூபாய்க்கும் கணக்கு உண்டு. அதை அடக்காமல் வகுப்பின் முன் வைத்தேன். முடிவில் காசுப் பேச்சு போய், பாக்ஸ் கிடைக்கும்வரை கணக்குப் பாடத்தில் மூன்று பேர் முறைபோட்டுத் தங்களுடையதை அவளுக்குத் தருவது என்று ஆனது. சில நாளில் பாக்ஸ் ஜன்னல் மேடையில் இருந்தது. யார் வைத்தது என்று யாரும் விசாரிக்கவில்லை, விசாரிக்க வேண்டாம் என்பதும் கூட்டத்தின் முடிவுதான்.

சின்னச் சின்ன விஷயங்கள் இரண்டு சொல்லிவிடுகிறேன். அடிப்பது கல்வி உரிமைச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டது, அதனால் பல இடங்களில் அந்த இடத்துக்கு ‘ஸாரி சொல்லு’ வந்திருக்கிறது. மார்ட்டின் ஹாஃப்மன் பெற்றோர் கண்டிக்கும் முறைகளை ஆராய்ந்து, அதிகாரம் காட்டுவதையும் பேசாமல் ஒதுக்கிவைப்பதையும்விட, நீ செய்தது அவளுக்கு என்ன செய்தது என்று எடுத்துக்காட்டுவதுதான் பிள்ளையின் மனதில் தங்குகிறது என்றார். ஸாரியை நான் கேட்பதில்லை. ‘அவ முகத்தைப் பாரு. இப்ப அவளுக்கு என்ன வேணும்?’ என்று கேட்கிறேன். சிலர் தண்ணீர் கொண்டுவருவார்கள், சிலர் கிழிந்த தாளை ஒட்டித்தருவார்கள்.

இன்னொன்று பரிசு. 20 மாதக் குழந்தைகளுக்கு உதவி செய்ததும் பொம்மை கொடுத்துப் பார்த்தார்கள் வார்னெக்கனும் டொமசெல்லோவும். 2008இல் வந்த அந்த ஆய்வில், பரிசு வாங்கிய குழந்தைகள் பிற்பாடு உதவுவது குறைந்தது. உதவிக்கு நட்சத்திரம் ஒட்டுவதை என் வகுப்பில் விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை வரும் பெண்களிடம் தேர்வுக்கு அட்டவணையைப் படிக்கச் சொல்கிறேன், மதிப்பெண் வேண்டுமே. கூடவே ஒரு வேலையும் தருகிறேன். கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் பள்ளியில் நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு, அதில் இருந்த ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாக, ‘ஏன் அப்படிச் செய்தாய், வேறு என்ன செய்திருக்கலாம், யாருக்கு என்ன ஆச்சு’ என்று மூன்று கேள்வி கேட்டு, பதிலைப் பிள்ளையின் வார்த்தையிலேயே எழுதிவர வேண்டும். பக்கத்தில் நிலை எண் போடக் கூடாது. போனமுறை ஒருத்தி கொண்டுவந்த தாளில் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னதாக இருந்தது: “அவன் தள்ளினான்னு நானும் தள்ளினேன். ஆனா அவனுக்கு ஏற்கெனவே கால்ல அடி. அது எனக்குத் தெரியும்.” இது முதல் மட்டமா இரண்டாவதா என்று அவள் கேட்டாள். தெரிந்தும் ஏன் தள்ளினான் என்று அவனிடம் கேட்டாயா என்றேன். அடுத்த வாரம் கேட்டுவருகிறேன் என்று போயிருக்கிறாள்.